குளிர்சாதனக் கம்ப்ரஸருக்கு ஏற்ற எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும் முறை

சென்னையில் ஏசி, ஃப்ரிட்ஜ் உதிரிபாகங்கள் விற்கும் கடையின் முன் சற்று நேரம் நின்றால், "அறுபத்தெட்டு ஆயில் ஒரு லிட்டர் கொடுங்க" என்று யாராவது கேட்பது காதில் விழும். எந்த வாயுவுக்கு என்று திருப்பிக் கேட்காமலே ஒரு டின் கைமாறிவிடுவதும் உண்டு. அந்த எண் எண்ணெயின் பாகுநிலையை, அதாவது அது எவ்வளவு தடிப்பானது என்பதை மட்டுமே சொல்கிறது. அதே 68-இல் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் இருக்கிறது, பாலியால் எஸ்டர் எனப்படும் பிஓஇ எண்ணெய் இருக்கிறது, பஞ்சர் கடையில் காற்றடிக்கும் கம்ப்ரஸருக்கான எண்ணெய் இருக்கிறது, ஹைட்ராலிக் எண்ணெய்கூட இருக்கிறது. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை ஊற்றினால் கம்ப்ரஸர் அன்றைக்கே நின்றுவிடுவதில்லை என்பதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. சில வாரங்களோ சில மாதங்களோ ஓடிவிட்டு, கத்திரி வெயிலில் ஒரு நாள் அது இறுகிப்போகும்போது, பழி மின்னழுத்தத்தின் மீதோ தயாரித்த நிறுவனத்தின் மீதோ விழுகிறது. எண்ணெயை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கருவிக்குள் சுற்றிவந்து குளிர்விக்கும் குளிர்பதன வாயு எது என்று பார்க்க வேண்டும். அடுத்து அந்தக் கம்ப்ரஸரின் தயாரிப்பாளர் எந்த வகை எண்ணெயைச் சொல்லியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பாகுநிலை எண் வருகிறது. இவை மூன்றும் சரியாக அமைந்த பின்னும், எண்ணெயை ஈரம் படாமல் உள்ளே சேர்க்கத் தவறினால் செய்த தேர்வு வீணாகிவிடும். சென்னை போன்ற கடலோர நகரத்தில் இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். ஏசி மெக்கானிக்குகள், அடுக்குமாடிக் கட்டடங்களின் பராமரிப்புப் பொறுப்பாளர்கள், தங்கள் வீட்டு ஏசிக்கு என்ன ஊற்றப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பும் உரிமையாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

எண்ணெய் ஏன் வாயுவோடு ஒத்துப்போக வேண்டும்

வண்டி எஞ்சினில் உள்ள எண்ணெய் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. குளிர்சாதனக் கம்ப்ரஸரின் எண்ணெய் அப்படி ஓரிடத்தில் தங்குவதில்லை. அழுத்தப்பட்டு வெளியேறும் வாயுவோடு அதன் ஒரு சிறு பகுதி எப்போதும் கிளம்பிச் சென்று, வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரைக் கடந்து, கேபிலரி எனப்படும் நுண்குழாய் அல்லது விரிவு வால்வு வழியாக நுழைந்து, உள்ளே வெப்பத்தை ஈர்க்கும் குளிர்ந்த எவாபரேட்டர் குழாய்களுக்குள் போய், உறிஞ்சு குழாய் வழியாகத் திரும்பி வர வேண்டும். இந்தச் சுற்றுப் பயணம் தடையில்லாமல் நடப்பதற்கு, எண்ணெய் திரவ நிலையில் உள்ள குளிர்பதன வாயுவோடு கலக்கும் தன்மை உடையதாக இருக்க வேண்டும். கலக்காத எண்ணெய் எவாபரேட்டரின் அடியிலும் குழாய் வளைவுகளிலும் தங்கிவிடுகிறது. அங்கே அது படலமாகப் படிந்து குளிர்ச்சியைக் குறைக்கிறது, இங்கே கம்ப்ரஸரின் அடிப்பாகம் வற்றிப் பேரிங்குகள் உராய்ந்து தேய்கின்றன. ஒரே தவறு இரண்டு இடங்களில் கேடு செய்கிறது.

உராய்வைக் குறைப்பது மட்டும் இந்த எண்ணெயின் வேலை அல்ல. வெல்டு செய்து மூடப்பட்ட ஹெர்மெடிக் கம்ப்ரஸரில் மோட்டாரின் சுற்றுக்கம்பிகள் எண்ணெயும் வாயுவும் படும் இடத்திலேயே இருப்பதால், எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாத பொருளாகவும் இருந்தாக வேண்டும். ரோட்டரி, ஸ்க்ரோல், ஸ்க்ரூ வகைகளில் நகரும் பாகங்களுக்கிடையே உள்ள மிக நுண்ணிய இடைவெளியை அடைத்து, வாயு பின்னோக்கிக் கசியாமல் தடுப்பதும் இதே எண்ணெய்தான். வெப்பத்தை வெளிச்சுவருக்குக் கொண்டு சேர்ப்பதும் அதன் பொறுப்பு.

ஆர்-22 வாயு பரவலாக இருந்த காலத்தில் மெக்கானிக்குகளுக்கு எண்ணெய்க் குழப்பம் அதிகம் இல்லை. ஆர்-12, ஆர்-22 இரண்டின் மூலக்கூறுகளிலும் குளோரின் உண்டு. இரண்டும் மினரல் ஆயிலோடு நன்றாகவே ஒத்துப்போயின. உலோகப் பரப்பில் அந்தக் குளோரின் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் தேய்மானத்தையும் குறைத்தது. ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி குளோரின் உள்ள வாயுக்கள் படிப்படியாக விலக்கப்பட்டு, ஆர்-134ஏ, ஆர்-404ஏ, ஆர்-407சி, ஆர்-410ஏ ஆகியவை வந்தபோது நிலைமை மாறியது. இவற்றில் குளோரின் இல்லை. மினரல் ஆயிலோடு இவை கலப்பதும் இல்லை. அதனால்தான் பிஓஇ போன்ற செயற்கை எண்ணெய்கள் தேவைப்பட்டன. விலை அதிகம் என்று சொல்லி இந்த வாயுக்கள் உள்ள அமைப்பில் மினரல் ஆயில் ஊற்றுவது, எண்ணெயே ஊற்றாமல் விடுவதற்குச் சற்றுத்தான் மேலானது.

வாயுவைக் கொண்டு வகையை முடிவு செய்தல்

ஆர்-22 உள்ள பழைய விண்டோ ஏசி, ஸ்பிளிட் ஏசி ஆகியவற்றுக்கு நாஃப்தீன் வகை மினரல் ஆயில் போதும். நாஃப்தீன் வகையில் மெழுகு மிகக் குறைவு என்பதால் குளிரில் அது உறைந்து கேபிலரியை அடைப்பதில்லை. சாதாரணப் பாரஃபின் வகையில் அந்த அபாயம் உண்டு. கறி, மீன் வைக்கும் உறைகுளிர் அறைகளில் ஆர்-22 இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் ஆர்-22-உம் மினரல் ஆயிலும் பிரிந்துவிடக்கூடும். அங்கே அல்கைல் பென்சீன் எண்ணெயோ, மினரல் ஆயிலோடு அது கலந்த கலவையோ தயாரிப்பாளரால் பரிந்துரைக்கப்பட்டிருக்கலாம்.

ஆர்-134ஏ ஓடும் ஃப்ரிட்ஜ், பெரிய கட்டடங்களுக்கு நீரைக் குளிர்வித்துத் தரும் சில்லர், ஆர்-404ஏ ஓடும் குளிர்பதனக் கிடங்கு, ஆர்-407சி, ஆர்-410ஏ ஓடும் ஏசி ஆகிய அனைத்துக்கும் பொதுவாக பிஓஇ. இப்போது கடைகளில் புதிதாக வாங்கும் ஸ்பிளிட் ஏசிகளில் பெரும்பாலானவை ஆர்-32 வாயுவில் ஓடுகின்றன. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: ஆர்-410ஏ-வின் எடையில் பாதி ஆர்-32 என்பதால் அதே பிஓஇ-யை இதற்கும் ஊற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தனி ஆர்-32, ஆர்-410ஏ-வுக்கென்று செய்யப்பட்ட பல பிஓஇ எண்ணெய்களோடு போதுமான அளவு கலப்பதில்லை. அதன் வெளியேற்ற வெப்பநிலையும் அதிகம். ஆகவே ஆர்-32-க்கென்று தனியாக வடிவமைக்கப்பட்ட பிஓஇ அல்லது பாலிவினைல் ஈதர் எனப்படும் பிவிஇ எண்ணெயைத்தான் தயாரிப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள். இந்த இரண்டில் எது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மாடலுக்கு மாடல்கூட மாறக்கூடும்.

ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன் உள்ள வீட்டு ஃப்ரிட்ஜ்களில் மெல்லிய மினரல் ஆயிலோ அல்கைல் பென்சீனோ இருக்கும். ஆர்-290 எனப்படும் புரோப்பேன் மினரல் ஆயிலில் அளவுக்கு மீறிக் கரைந்து அதை நீர்க்கச் செய்துவிடுவதால், அதற்கு எந்த எண்ணெய், எந்தப் பாகுநிலை என்பதைக் கம்ப்ரஸர் தயாரிப்பாளரின் தாளைப் பார்க்காமல் முடிவு செய்யவே கூடாது. இவை இரண்டும் தீப்பற்றும் வாயுக்கள். எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுவும் தீப்பற்றும் என்பதால், குழாயை டார்ச்சால் பிரிக்காமல் கட்டரால் வெட்டித்தான் எண்ணெயை வடிக்க வேண்டும்.

பெயர்ப்பலகையும் டின்னின் லேபிளும்

எந்தப் பொது விதியையும்விடக் கம்ப்ரஸரின் மீதுள்ள பெயர்ப்பலகைக்கே முதலிடம். வாயுவின் பெயர் அதில் பெரும்பாலும் இருக்கும். பலவற்றில் எண்ணெயின் வகையும் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற இடங்களில் உப்புக் காற்றும் வெயிலும் சேர்ந்து இந்த ஸ்டிக்கரைப் படிக்க முடியாதபடி அழித்துவிடுகின்றன. அப்போது வெளிப்புற யூனிட்டின் பக்கவாட்டில் உள்ள தகட்டையோ, உட்புற யூனிட்டின் ஸ்டிக்கரையோ பார்த்து மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் சேவை மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஒரு முறையாவது கம்ப்ரஸர் மாற்றப்பட்டிருந்தால் யூனிட்டின் ஸ்டிக்கரை மட்டும் நம்பக் கூடாது. மாற்றி வைத்த கம்ப்ரஸர் வேறு நிறுவனத்தினுடையதாக இருக்கலாம்; எண்ணெய் யூனிட்டைப் பின்பற்றாது, கம்ப்ரஸரைத்தான் பின்பற்றும்.

சில பெயர்கள் தொழிலில் அடிக்கடி வரும் என்பதால் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சுனிசோ 3ஜிஎஸ், 4ஜிஎஸ் ஆகியவை மினரல் ஆயில்கள். 4ஜிஎஸ் இரண்டில் தடிப்பானது. எமகரேட் ஆர்எல்32எச், ஆர்எல்68எச் ஆகியவை பிஓஇ. டாஃப்னி எஃப்வி50எஸ், எஃப்விசி68டி ஆகியவை பிவிஇ. பிட்ஸர் கம்ப்ரஸர்களின் பலகையில் பி5.2 என்றிருந்தால் அது ஆர்-22 காலத்து எண்ணெய். பிஎஸ்இ32 என்றிருந்தால் எஸ்டர் எண்ணெய். இவற்றில் 4ஜிஎஸ், ஆர்எல்68எச், எஃப்விசி68டி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தடிப்பில் பெரிய வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது; ஆனால் மூன்றும் மூன்று வேறு இரசாயனங்கள். நிறத்தை வைத்தோ விரலில் தேய்த்துப் பார்த்தோ வகையைக் கண்டுபிடிக்க முடியாது.

பெரிய டின்களின் லேபிளில் டிஐஎன் 51503 என்ற ஜெர்மானியத் தரக் குறியீடு இருந்தால் அது மிகவும் உதவும். அதில் கேஏஏ, கேஏபி என்றால் அம்மோனியாவுக்கு, கேபி என்றால் கார்பன் டை ஆக்சைடுக்கு, கேசி என்றால் ஆர்-22 போன்ற குளோரின் உள்ள வாயுக்களுக்கு, கேடி என்றால் ஆர்-134ஏ, ஆர்-410ஏ போன்றவற்றுக்கு, கேஇ என்றால் புரோப்பேன், ஐசோபியூட்டேன் போன்ற ஹைட்ரோகார்பன்களுக்கு என்று பொருள். "கம்ப்ரஸர் ஆயில்" என்று மட்டும் எழுதி, வாயுவின் பெயரோ இத்தகைய குறியீடோ இல்லாத டின்னை வாங்க வேண்டாம். அது காற்றுக் கம்ப்ரஸருக்கானதாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

பாகுநிலை எண்

ஐஎஸ்ஓ விஜி என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் எண், 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெயின் பாகுநிலை எத்தனை சென்டிஸ்டோக் என்பதைக் குறிக்கிறது. பத்து சதவீதம் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கலாம் என்பது விதி. ஆகவே 68 என்றால் 61.2 முதல் 74.8 வரை. வீட்டு ஃப்ரிட்ஜ்களில் 10 முதல் 22 வரையிலான மெல்லிய எண்ணெய்களைப் பரவலாகக் காணலாம். ஏசியின் ஸ்க்ரோல் கம்ப்ரஸர்களில் 32, ரோட்டரிகளில் 50, 68. ஸ்க்ரூ கம்ப்ரஸர்களில் 68-இலிருந்து 170 வரை, சிலவற்றில் அதற்கு மேலும்.

சென்னை வெயிலுக்கு ஒரு படி தடிப்பான எண்ணெய் ஊற்றினால் நல்லது என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. மொட்டை மாடியில் மேற்கு வெயில் படும் இடத்தில் வைத்த யூனிட்டில் எண்ணெய் வெப்பத்தால் நீர்த்துப்போவது உண்மை. 40 டிகிரியில் 68 சென்டிஸ்டோக் இருக்கும் எண்ணெய், 100 டிகிரியில் பத்துக்கும் கீழே போய்விடும். ஆனால் அதே எண்ணெய்தான் குளிர்ந்த எவாபரேட்டரைக் கடந்தும் வர வேண்டும் என்பதை அந்த நம்பிக்கை மறந்துவிடுகிறது. தடிப்பு கூடினால் திரும்பி வரும் வேகம் குறையும். கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரம் கூடும். குறைந்த வேகத்தில் ஓடும் இன்வெர்டர் கம்ப்ரஸர்களில் இந்தப் பாதிப்பு இன்னும் அதிகம். கண்டென்சர் காயிலைத் தண்ணீரால் கழுவிச் சுத்தமாக வைப்பது, யூனிட்டைச் சுற்றிக் காற்றோட்டத்துக்கு இடம் விடுவது, முடிந்தால் காற்றைத் தடுக்காத நிழற்கூரை அமைப்பது ஆகியவைதான் வெயிலுக்கான பரிகாரம். போல்ட்டைக் கழற்றித் திறக்கக்கூடிய செமி ஹெர்மெடிக், ஸ்க்ரூ வகைப் பெரிய கம்ப்ரஸர்களுக்கு மட்டும் சில தயாரிப்பாளர்கள் கண்டென்சிங் வெப்பநிலைக்கு ஏற்ப வெவ்வேறு எண்களை அட்டவணையிட்டுத் தருகிறார்கள். அப்படி அட்டவணை இருந்தால் அதைப் பின்பற்றலாம்.

ஈரம்

சென்னைக் காற்றில் ஆண்டின் பெரும்பகுதி ஈரம் நிறைந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டுமல்ல, மே மாதத்திலும் கடற்காற்று உள்ளே வரும் மாலை வேளைகளில் அது மிகுந்தே இருக்கும். மினரல் ஆயில் காற்றிலிருந்து மிகக் குறைவாகவே நீரை ஈர்க்கும். பத்து லட்சம் பங்கில் சில பத்துப் பங்குகளோடு அது நின்றுவிடும். பிஓஇ அப்படியல்ல. ஆலையிலிருந்து வரும்போது பொதுவாகப் பத்து லட்சத்தில் 50 பங்குக்கும் கீழே நீர் இருக்கும் இந்த எண்ணெய், திறந்து வைத்தால் ஆயிரம் பங்குக்கு மேலும் ஈர்த்துக்கொள்ளக்கூடியது. மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு ஜாடிக்கு நேர்வது இதற்கும் நேர்கிறது. ஆனால் உப்பைப் போல இது தன் நிலையைக் கண்ணுக்குக் காட்டுவதில்லை. எண்ணெய் தெளிவாகவே இருக்கும்.

உள்ளே போன அந்த நீர் பிஓஇ-யோடு வினைபுரிகிறது. எஸ்டர் என்பது அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டான பொருள். சூடும் நீரும் சேரும்போது அது மீண்டும் அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் பிரிகிறது. அமிலம் மோட்டார் சுற்றின் வார்னிஷைத் தின்கிறது. தாமிரக் குழாயிலிருந்து தாமிரத்தைக் கரைத்துக் கொண்டுவந்து பேரிங்கின் இரும்புப் பரப்பில் படிய வைக்கிறது. அந்தப் படிவு நுண்ணிய இடைவெளிகளை அடைத்து இறுக்கிவிடுகிறது. பிவிஇ எண்ணெயும் ஈரத்தை ஈர்க்கும், ஆனால் இவ்வாறு நீரால் சிதைவதில்லை. சில தயாரிப்பாளர்கள் அதை விரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். என்றாலும் விரிவு வால்வில் நீர் பனிக்கட்டியாகி அடைக்கும் தொல்லை அதிலும் உண்டு.

நல்ல வேக்யூம் போட்டால், அதாவது உள்ளிருக்கும் காற்றைப் பம்ப்பால் இழுத்தெடுத்தால், ஈரமெல்லாம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கினால் குழாய்களில் உள்ள ஈரம் ஆவியாகி வெளியேறும். பிஓஇ எண்ணெய்க்குள் பிணைந்துவிட்ட நீரை வேக்யூம் பம்ப்பால் முழுமையாக எடுக்க முடியாது. அதைக் குழாயில் பொருத்தும் ஈர உறிஞ்சி வடிகட்டியான ஃபில்டர் டிரையர் ஓரளவு பிடிக்கும். ஆகவே எண்ணெயில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்வதே உண்மையான வழி, அதற்கான பழக்கங்களும் கடினமானவை அல்ல. ஒரு வேலைக்குத் தேவையான அளவுக்கு ஏற்ற சிறிய டின்னை வாங்க வேண்டும். பாதி பயன்படுத்திய பிஓஇ டின்னை அடுத்த வேலைக்கென்று வண்டியில் வைத்துச் சுற்றுவது மெக்கானிக்குக்கு மிச்சமாகத் தோன்றினாலும் வாடிக்கையாளரின் கம்ப்ரஸருக்கு அது செலவு. உலோக டின்னாக இருக்க வேண்டும், ஏனெனில் பிளாஸ்டிக் கேனின் சுவர் வழியாகவே ஈரம் மெல்ல ஊடுருவும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்கப்படும் சில்லறை எண்ணெயை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. புதிய கம்ப்ரஸரின் ரப்பர் அடைப்பான்களை, குழாய் வேலை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் அகற்ற வேண்டும். அகற்றிய பின் 15 நிமிடத்துக்குள் பற்றவைத்து மூடிவிட வேண்டும். மழை பெய்யும்போது மொட்டை மாடியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாலும் காரணத்தைச் சொல்லி ஒரு நாள் தள்ளிப்போடலாம்.

குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜனை மெதுவாக ஓடவிடுவதும் எண்ணெயோடு தொடர்புடையதே. நைட்ரஜன் இல்லாமல் பற்றவைத்தால் குழாயின் உட்புறத்தில் கருப்பான ஆக்சைடு பொருக்கு உண்டாகிறது. மினரல் ஆயில் அதை அதிகம் தொந்தரவு செய்யாது. பிஓஇ நல்ல கரைப்பான் என்பதால் அதைச் சுரண்டிக் கழுவிக்கொண்டு வந்து கேபிலரியிலும் கம்ப்ரஸரிலும் சேர்த்துவிடும். குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டில் தடவும் ஒரு துளி எண்ணெய்கூட அந்த அமைப்பில் உள்ள அதே வகையாக இருக்க வேண்டும். வேக்யூம் பம்ப்புக்கான எண்ணெய் வேறு. அதைக் கம்ப்ரஸரில் ஊற்றக் கூடாது.

எவ்வளவு ஊற்றுவது

கேஸ் கசிந்துவிட்டது, நிரப்பும்போதே கொஞ்சம் ஆயிலும் விட்டுவிடுகிறேன் என்று சொல்பவரை வீட்டுக்காரர் தயங்காமல் நிறுத்தலாம். ஒன்றரை டன் ஏசியின் ரோட்டரி கம்ப்ரஸரில் மொத்தமாகவே அரை லிட்டர் அளவில்தான் எண்ணெய் இருக்கும். மூட்டில் மெதுவாகக் கசிந்த வாயுவோடு வெளியேறும் எண்ணெய் பெரும்பாலும் மிகக் குறைவு. கசிந்த இடத்தில் எண்ணெய்க் கறை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதே அதைக் காட்டிவிடும். கணக்கில்லாமல் கூடுதலாக ஊற்றிய எண்ணெய் எவாபரேட்டரில் படிந்து குளிர்ச்சியைக் குறைக்கும். திரளாகத் திரும்பி வந்து கம்ப்ரஸரின் வால்வையும் உடைக்கும். புதிய கம்ப்ரஸர் தேவையான எண்ணெய் நிரப்பப்பட்டே வருகிறது. குழாயின் நீளம் தயாரிப்பாளர் சொன்ன எல்லையை மீறும்போது மட்டும், அவர் சொன்ன கணக்கின்படி சேர்க்க வேண்டும்.

பழைய கம்ப்ரஸரைக் கழற்றியதும் அதிலுள்ள எண்ணெயை ஓர் அளவுக் குவளையில் வடித்துப் பார்க்கும் பழக்கத்தை ஒவ்வொரு மெக்கானிக்கும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பெயர்ப்பலகையில் உள்ள அளவைவிட மிகக் குறைவாக இருந்தால், மீதி எண்ணெய் குழாய்களிலும் காயிலிலும் தங்கியிருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் புதிய கம்ப்ரஸரை வைத்தால் எண்ணெய் அளவு மீறிவிடும். எண்ணெய் தெளிவாக இருந்தால் நல்லது. கறுத்து, மூக்கை அரிக்கும் காரமான நெடி வந்தால் மோட்டார் எரிந்திருக்கிறது. அப்போது ஆசிட் டெஸ்ட் கிட்டால் சோதித்து, குழாய்களைக் கழுவி, அமிலத்தை ஈர்க்கும் அலுமினா உள்ள டிரையரைப் பொருத்தி, சில நாள் ஓடிய பின் மீண்டும் சோதித்து டிரையரை மாற்ற வேண்டும். எரிந்த கம்ப்ரஸரின் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும்; கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

ஓஎம்ஆர் அலுவலகக் கட்டடங்களில் உள்ளவை போன்ற பெரிய சில்லர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது எண்ணெயின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, ஈரம், அமில எண், பாகுநிலை, உலோகத் துகள் ஆகியவற்றைப் பார்ப்பது மிகச் சிறந்த முதலீடு.

வாயுவை மாற்றும்போது

ஆர்-22-இன் உற்பத்தியும் பயன்பாடும் 2030-ஐ நோக்கிப் படிப்படியாகக் குறைக்கப்பட்டு வருவதால், ஓடிக்கொண்டிருக்கும் பெரிய அமைப்புகளை ஆர்-407சி போன்ற வாயுவுக்கு மாற்றும் வேலைகள் வருகின்றன. இங்கே பழைய மினரல் ஆயிலை வடித்து பிஓஇ நிரப்ப வேண்டும். ஒரு முறை மாற்றினால் போதாது. நிரப்பி, ஆர்-22-இலேயே ஓடவிட்டு, மறுபடி வடித்து, இப்படிப் பெரும்பாலும் மூன்று முறை மாற்றினால்தான் மீந்திருக்கும் மினரல் ஆயில் ஐந்து சதவீதத்துக்குக் கீழே வரும். அதை ஒளிவிலகல்மானியால் அளந்து உறுதி செய்யலாம். அதன் பிறகே வாயுவை மாற்ற வேண்டும். வடிப்பதற்கு வழியில்லாத சிறிய ஹெர்மெடிக் கம்ப்ரஸர்களில் இந்த வேலை லாபகரமானது அல்ல. ஆர்-22 ஏசியில் ஆர்-32 அல்லது ஆர்-410ஏ ஏற்றித் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிட வேண்டும்: அவற்றின் அழுத்தம் ஆர்-22-ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல், ஆர்-32 மிதமாகத் தீப்பற்றவும் கூடியது.

கார்களும் ஐஸ் ஆலைகளும்

ஆர்-134ஏ உள்ள கார் ஏசிகளில் பாலிஅல்கைலீன் கிளைகால் எனப்படும் பிஏஜி எண்ணெய் இருக்கும். 46, 100, 150 எனப் பாகுநிலை மாறும். பானட்டின் அடியில் உள்ள ஸ்டிக்கரையோ சேவைக் கையேட்டையோ பார்க்க வேண்டும். புதுப்பேட்டையில் பழைய கம்ப்ரஸர் வாங்கிப் பொருத்துபவர்கள் அதிலுள்ள எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு, சரியான எண்ணெயைச் சரியான அளவில் புதிதாக ஊற்ற வேண்டும். பிஏஜி காற்றின் ஈரத்தை பிஓஇ-யைவிட வேகமாக ஈர்ப்பதால், வாய் திறந்து கிடந்த கம்ப்ரஸரின் எண்ணெய் கெட்டதாகவே கொள்ள வேண்டும். மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்த மோட்டாரால் ஓடுகிறது. அவற்றுக்குப் பொதுவாக மின்காப்புத் தன்மை மிகுந்த தனி பிஓஇ எண்ணெய். அதில் சிறிதளவு பிஏஜி கலந்தாலும் மின்காப்பு குறைந்து வண்டியின் பாதுகாப்பு அமைப்பு ஏசியை நிறுத்திவிடக்கூடும், தொடுபவருக்கும் ஆபத்து நேரலாம். வாயு நிரப்பும் இயந்திரத்தின் குழாயில் முந்தைய காரின் பிஏஜி ஒட்டியிருப்பதே இதற்குப் போதும் என்பதால், மின்சாரக் காருக்குத் தனிக் குழாய்கள் வைத்திருக்கும் பணிமனைக்குத்தான் போக வேண்டும்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் தரும் ஆலைகளைப் போன்ற அம்மோனியா ஆலைகளில் கணக்கே வேறு. அம்மோனியா மினரல் ஆயிலோடு கலக்காது. ஆனாலும் அதில் மினரல் ஆயில்தான், பொதுவாக 68 பாகுநிலையில், பயன்படுகிறது. திரவ அம்மோனியாவைவிட எண்ணெய் கனமானது என்பதால் அது கலங்களின் அடியில் தங்கும். அங்கிருந்து எண்ணெய்ப் பானை வழியாக அவ்வப்போது வடித்து எடுப்பதே முறை. கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு இல்லாமல் இந்த வடிப்பைச் செய்யக் கூடாது, தனி ஆளாகவும் செய்யக் கூடாது. அம்மோனியா அமைப்பில் எஸ்டர் எண்ணெயை ஒருபோதும் ஊற்றக் கூடாது. அம்மோனியா அதோடு வினைபுரிந்து கசடாக்கிவிடும்.

வேலை முடிந்த பின்

வடித்த பழைய எண்ணெய் அபாயகரமான கழிவு என்று 2016-ஆம் ஆண்டின் விதிகள் வகைப்படுத்துகின்றன. அதை மழைநீர் வடிகாலிலோ மாடிக் குழாயிலோ ஊற்றாமல், மூடிய கேனில் சேர்த்து, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்; வெவ்வேறு வகைகளைக் கலக்காமல் வைத்தால் அவருக்கும் வேலை எளிது. பிஓஇ சில பிளாஸ்டிக்குகளை விரிசல் விடச் செய்யும் என்பதால், உட்புற யூனிட்டின் உறையில் சிந்தியிருந்தால் உடனே துடைத்துவிட வேண்டும்.

பிறகு வாயுவின் பெயர், எண்ணெயின் வகை, பிராண்டு, பாகுநிலை எண், ஊற்றிய அளவு, தேதி ஆகியவற்றை அழியாத மையால் எழுதி, வெயில் நேராகப் படாத இடமாகப் பார்த்து, வெளிப்புற யூனிட்டின் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட வேண்டும். அதே விவரத்தை வீட்டுக்காரரும் தம் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளட்டும். அடுத்து வரும் மெக்கானிக் கடைக்குக் கிளம்பும் முன் அதைக் காட்டினால் போதும்.